ராஜாதித்தன் யானைக்கு எத்தனை புள்ளி?

கி.பி. 949. அரக்கோணத்தை அடுத்த தக்கோலம். ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சோழர் கல்வெட்டுகளே அவனை ‘ஆனைமேல் துஞ்சின’ தேவர் என்கின்றன. எப்படி இறந்தான் என்பதில்தான் வழக்கு. லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடு, நெஞ்சில் அம்பு தைத்தது என்கிறது. கர்நாடகத்தின் ஆதகூர்க் கல், கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் குத்துவாளால் கொன்றான் என்கிறது. அந்தக் கன்னட வரியை முதலில் படித்தவர்கள் ‘வஞ்சகமாக’ என்று பொருள் கொண்டார்கள். பிறகு வந்தவர்கள் ‘அம்பாரியையே போர்க்களமாக்கி’ என்று திருத்திப் படித்தார்கள்.

வரலாற்று மாணவருக்கு இது அடிக்குறிப்பு. மேசைமேல் விரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களைத் திரும்ப ஆடிப் பார்க்கிறவர்களுக்கு இதுதான் தலைவலியே. அம்பு என்றால் வில்லாளி எட்டத்தில் நின்றே எதிரியின் தலைவனை வீழ்த்தலாம். ஆட்டம் அரைமணியில் முடிந்துவிடும். குத்துவாள் என்றால் பூதுகனின் ஆட்கள் காலாளையும் காவல் யானைகளையும் பிளந்துகொண்டு அந்த ஒரு யானையை எட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு விளையாட்டு. விதிப்புத்தகம் எழுதுகிறவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

ஐரோப்பிய இடைக்காலப் போர்களுக்காக எழுதப்பட்ட விதிகளும் வார்க்கப்பட்ட பொம்மைகளும் உலகெங்கும் கிடைக்கின்றன. அவற்றைத் தென்னிந்தியப் போர்களுக்கு ஏற்ப மாற்றுவது எப்படி? பெங்களூருவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு வசதி உண்டு. ஆதகூர்க் கல் இன்று இருப்பது கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில். பொம்மையை வார்த்துத் தரக்கூடிய பட்டறைகள் இருப்பது பீன்யாவில். பச்சைத் தடத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் கப்பன் பார்க் நிலையம். அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். சான்றும் சம்மட்டியும் ஒரே மெட்ரோ பயணச்சீட்டில் அடங்குகிற ஊர் வேறு எது?

டைனோசர் டிராகன் ஆன கதை

விதிகளை வெட்டி ஒட்டுவது இந்தப் பொழுதுபோக்கின் பிறவிக் குணம். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1812இல் அரசனுக்குக் காட்டிய போர் மேசையை அவருடைய மகன் 1824இல் வரைபடமும் பகடையும் கொண்ட ராணுவப் பயிற்சியாக மாற்றினார். அறிவியல் புனைகதை எழுதிய எச்.ஜி.வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலில் அதைப் பொம்மைப் பீரங்கியோடு வீட்டுத் தரைக்கு இறக்கினார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ பிரிட்டனில் ஒரு தலைமுறையையே இதில் இழுத்துவிட்டது. அவர்கள் கையில் இருந்தவை ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 72இல் 1 பங்கு அளவுப் பிளாஸ்டிக் பொம்மைகள். ராபின் ஹூட் பெட்டியை வாங்கி, தொப்பியைச் சீவி, சூடான ஊசியால் ஈட்டி ஒட்டி, வேண்டிய நூற்றாண்டுக்கு ஆள் தயாரித்துக்கொண்டார்கள்.

இடைக்காலப் போர்களைப் பொறுத்தவரை திருப்புமுனை 1971. அமெரிக்காவில் ஜெஃப் பெர்ரன் 40 மில்லிமீட்டர் எலாஸ்டோலின் பொம்மைகளை வைத்து ஆடச் சில பக்க விதிகள் எழுதி வைத்திருந்தார். லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸ் அவற்றை விரித்து எழுதினார். ‘செயின்மெயில்’ என்ற பெயரில் புத்தகம் வந்தது. ஒரு பொம்மை என்றால் 20 வீரர். மேசையில் ஓர் அங்குலம் களத்தில் 10 கெஜம். ஒரு சுற்று ஒரு நிமிடம். அதோடு நிற்காமல் கைகாக்ஸ் மாயாஜாலப் பிற்சேர்க்கை ஒன்றையும் சேர்த்தார். டிராகனுக்குப் பொம்மை கிடைக்காததால் கடையில் விற்ற பிளாஸ்டிக் டைனோசரை வெட்டி ஒட்டி டிராகன் ஆக்கிக்கொண்டார். அந்தப் பிற்சேர்க்கையிலிருந்துதான் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கிளைத்தது. டைனோசர் டிராகன் ஆகலாம் என்றால் அலெக்சாண்டரை எதிர்த்த போரஸின் யானைப் பொம்மை ராஜாதித்தனின் யானை ஆகக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். ஆகலாம். ஆனால் காதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

ஒரே பட்டியலில் ஆயிரத்தைந்நூறு ஆண்டு

பிரிட்டனின் ஃபில் பார்க்கர் குழு 1990இல் வெளியிட்ட ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்’, சுருக்கமாக டிபிஏ, பழங்காலப் போர்களுக்கு மிகப் பரவலாக ஆடப்படும் விதிகளில் ஒன்று. பக்கத்துக்கு 12 படைக்கூறுகள். ஒவ்வொன்றும் பொம்மைகள் ஒட்டிய ஓர் அட்டை. சாதாரண ஆறுமுகப் பகடை. சுற்றின் தொடக்கத்தில் பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை நகர்த்தல்தான் அனுமதி. சேனாதிபதியின் ஆணை எப்போதும் எல்லோருக்கும் போய்ச் சேராது என்ற உண்மை அந்த ஒரே பகடைக்குள் வந்துவிடுகிறது. மோதலில் இருவரும் உருட்டி, தத்தம் படையின் புள்ளியைக் கூட்டுகிறார்கள். ஒருவர் மற்றவரைப் போல் இரண்டு மடங்கு எடுத்தால் தோற்றவர் அழிந்தார்; இல்லையென்றால் பெரும்பாலும் பின்வாங்கல்.

எளிமையில் இதற்கு இணை குறைவு. இடிப்பது படைப்பட்டியலில். உலகத்துப் படைகளையெல்லாம் வரிசைப்படுத்திய அந்தத் தொகுப்பில் தமிழருக்கும் இடம் உண்டு. ஆனால் சிங்களரையும் சேர்த்து ஒரே எண்ணின் கீழ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தொடங்கி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்துக் கட்டிய பட்டியல் அது. எல்லாளனும் முதலாம் ராஜராஜனும் ஏறத்தாழ ஒரே படையோடு களம் இறங்குவார்கள். இங்கிலாந்துக்கோ நூற்றாண்டுக்கு நூற்றாண்டு தனித்தனிப் பட்டியல். பார்க்கரைக் குறை சொல்லிப் பயன் இல்லை; அவர் கைக்கு எட்டிய ஆங்கில நூல்களை வைத்து எழுதினார். நம் கல்வெட்டுகளைப் படித்துத் திருத்த வேண்டியவர்கள் நாம்தான்.

திருத்தச் சரக்குக்குப் பஞ்சம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்துப் படைப்பிரிவுகள் முப்பது வரை பெயரோடு வருகின்றன. பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள், நிகரிலிச் சோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச்சேவகர், உத்தமசோழத் தெரிந்த அந்தளகத்தாளர், ஆனையாட்கள், குஞ்சரமல்லர் என்று பட்டியல் நீள்கிறது. வேளைக்காரர் என்ற பெயர் மட்டும் பல பிரிவுகளுக்கு உண்டு. மன்னனுக்கு ஆபத்து வரும் வேளையில் தம் உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள் இவர்கள் என்பது பொதுவான விளக்கம். இதை அப்படியே விதியாக்கலாம்: மன்னனின் யானை மேசையில் நிற்கும்வரை வேளைக்காரர் அட்டை பின்வாங்காது. தோற்றால் நின்ற இடத்திலேயே அழியும். ஐரோப்பியப் பட்டியலில் இதற்கு நேரான படைவகை தேடினால் கிடைக்காது. நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

குதிரைக்கும் வேறு கணக்கு வேண்டும். ஐரோப்பிய விதிகளில் கவச வீரன் ஏறிய கனத்த குதிரைதான் நாயகன். தென்னாட்டிலோ நல்ல குதிரை கடல் கடந்து வந்தாக வேண்டும். அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பாண்டிநாட்டுக்கு இறங்கியதையும், வளர்க்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போனதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதி வைத்தார். படை வாங்கும் புள்ளிக் கணக்கில் குதிரைக்கு விலை கூடுதலாகவும், களத்தில் அதன் இடி கொஞ்சம் மட்டாகவும் இருப்பதுதான் நியாயம்.

புள்ளியைக் கூட்டும்போது கை நடுங்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இருவரும் சமபலம் என்றால், 36 விதமான உருட்டல்களில் ஒருவர் வெல்வது 15இல்தான், 6 சமன். ஒரே ஒரு புள்ளி கூடினால் அந்த 15 என்பது 21 ஆகிறது. இரண்டு கூடினால் 26. நம் மன்னன் மேல் உள்ள பாசத்தில் யானைக்கு இரண்டு புள்ளி அதிகம் போட்டுவிட்டால், அதோடு எதிராளி ஆட வருவதை நிறுத்திவிடுவார்.

உயரத்தில் இருப்பதன் லாபமும் நட்டமும்

சோழர் யானைப்படையைப் பற்றி ருசிகரமான சாட்சி ஒருவர் சீனாவில் இருக்கிறார். 1225 வாக்கில் தென்சீனத் துறைமுக அதிகாரி ஜாவ் ருகுவா தொகுத்த அயல்நாட்டுக் குறிப்புகளில் சோழநாட்டுக்கு 60,000 போர்யானைகள் என்று வருகிறது. எண்ணை நம்ப வேண்டாம். கடலோடிகள் சொன்னதை அவர் கேட்டு எழுதினார். ஆனால் அதையொட்டி வரும் விவரங்கள் விதி எழுதுகிறவருக்குத் தங்கம். யானையின் முதுகில் வீடு போன்ற அமைப்பு, அதற்குள் வீரர், எட்டத்தில் அம்பு எய்வார்கள், கிட்டத்தில் ஈட்டியால் குத்துவார்கள். வெற்றி பெற்ற யானைகளுக்குச் சிறப்புப் பெயர் சூட்டுவார்களாம்.

அதாவது யானை வெறும் இடிக்கும் எந்திரம் அல்ல, நகரும் வில்மேடை. டிபிஏ போன்ற விதிகள் யானைக்கு அம்பு எய்யும் உரிமை தருவதில்லை. நெருங்கி மோதினால்தான் அதற்குப் பலன். சோழர் ஆட்டத்தில் குறைந்த தூரத்துக்காவது அந்த உரிமையைக் கொடுத்துப் பார்க்கலாம். பதிலுக்கு, ஈட்டி எறியும் இலகுவான காலாளிடம் தோற்றால் யானை உடனே அழியும் என்ற பழைய விதியை அப்படியே வைத்துக்கொண்டால் தராசு சமமாகும்.

சிக்கல் தலைவன் யானைமேல் ஏறும்போதுதான் தொடங்குகிறது. அவன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். தன் படைக்கு அது தெம்பு. எதிரி வில்லாளிக்கு அது குறி. கி.பி. 712இல் சிந்துவின் தாகிர், 949இல் ராஜாதித்தன், 1556 பானிப்பட்டில் கண்ணில் அம்பு பட்ட ஹேமு. எல்லோரும் யானைமேல் இருந்தவர்கள். அவர்கள் விழுந்ததும் படையும் கலைந்தது. 1658 சாமூகட்டில் தாரா ஷிகோ உயிரோடுதான் யானையை விட்டு இறங்கினான். அம்பாரி காலியாகத் தெரிந்ததே அவன் படை ஓடப் போதுமானதாக இருந்தது.

ஐரோப்பிய விதிப்புத்தகத்தில் சேனாதிபதி இருக்கும் கூறுக்கு மோதலில் ஒரு புள்ளி கூடுதல். அவ்வளவுதான். தென்னிந்தியக் களத்துக்கு அது போதாது. யானைமேல் இருக்கும் தலைவனின் ஆணை எட்டும் தூரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். அதே யானைமேல் எய்யும் வில்லாளிக்கும் ஒரு புள்ளி கொடுங்கள். உயரத்தின் லாபமும் நட்டமும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் சோழர் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதுதான் சுவை. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் மேலைச் சாளுக்கியரோடு கொப்பத்தில் நடந்த போரில் முதலாம் ராஜாதிராஜனும் யானைமேலேயே இறந்தான். படை உடையத் தொடங்கிய நேரத்தில் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் தன் யானையோடு முன்னேறினான். அவன் யானையின் மத்தகத்திலும் அவன் தொடையிலும் அம்புகள் தைத்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. போர் திரும்பியது, அங்கேயே, போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். தக்கோலத்தில் தலைவன் விழுந்தான், படையும் விழுந்தது. கொப்பத்தில் தலைவன் விழுந்தான், படை எழுந்து நின்றது. வேறுபாடு இரண்டாவது யானை.

ஆகவே விதி இப்படி இருக்கலாம்: தலைவன் விழுந்த சுற்றிலேயே, குறித்த தூரத்துக்குள் இன்னொரு அரசகுல யானை இருந்தால் பகடை உருட்டலாம். 4, 5, 6 விழுந்தால் ஆணை அந்த யானைக்கு மாறும். 1, 2, 3 என்றால் படை முழுவதும் ஓர் அட்டை நீளம் பின்வாங்கும். தக்கோலத்தை ஆடும்போது அந்த இரண்டாவது யானையைச் சோழர் பக்கத்தில் வைக்காதீர்கள். கொப்பத்துக்கு வையுங்கள். ஒரே விதி இரண்டு வரலாற்றையும் தரும்.

தக்கோலத்துக்கு மட்டும் இன்னொரு சிறப்பு விதி. ராஜாதித்தனின் தளபதி வெள்ளன்குமரன் கேரளத்துக்காரர். பெண்ணையாற்றங்கரைக் கிராமம் என்ற ஊரில் 943இல் கோயில் எடுத்தவர். தன் தலைவனோடு சேர்ந்து இறக்கும் பேறு வாய்க்கவில்லையே என்ற வேதனையில் துறவியாகி, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் ஆனார் என்று அவ்வூர்க் கல்வெட்டைக் கொண்டு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனவே சோழர் பக்கத்தில் வெள்ளன்குமரன் அட்டை ஒன்று மேசைக்கு வெளியே காத்திருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் 6 விழுந்தால் மட்டுமே அது உள்ளே வரும். வரலாற்றில் வராதவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பதற்குத்தானே மனிதர்கள் இந்த விளையாட்டையே ஆடுகிறார்கள்.

வேலுக்குப் பியானோ கம்பி

விதி காகிதத்தில் முடிந்துவிடும். பொம்மை முடியாது.

வெளிநாட்டு நிறுவனங்களின் பட்டியலில் இந்தியப் படை என்று தேடினால் முதலில் கிடைப்பது அலெக்சாண்டரை எதிர்த்த போரஸின் படை. நீண்ட மூங்கில் வில், தேர், யானை. தேரை ஒதுக்கிவிடலாம், பத்தாம் நூற்றாண்டுக் களத்தில் அதற்கு வேலை இல்லை. வில்லாளிகள் பெரும்பாலும் பொருந்துவார்கள். மேலாடை இல்லாத உடல், இடுப்பில் இறுக்கிய துணி, பக்கவாட்டுக் கொண்டை. ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் தென்னாட்டுக் காலாளின் தோற்றம் பெரிதாக மாறிவிடவில்லை. சரிபார்க்கக் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் வரலாறு முழுவதையும் போர்க்காட்சிகளோடு சுற்றுச்சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குதிரைச் சேணத்துக்கு ஹளேபீடு அடிவரிசைச் சிற்பங்கள்.

யானையில்தான் ஏமாறுவோம். பொம்மைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் யானை பல நேரம் ஆப்பிரிக்க யானை. விரிந்த காது, நடுவில் குழிந்த முதுகு, தட்டையான நெற்றி. நம் யானைக்குக் காது சிறிது, முதுகு வளைந்து மேடு, நெற்றியில் இரட்டைப் புடைப்பு. காதைக் கத்தரித்து, முதுகிலும் நெற்றியிலும் எம்-சீல் வைத்து மேடாக்கினால் காரியம் நடக்கும். அளவையும் பார்க்க வேண்டும். தோள்வரை 2.7 மீட்டர் உயர யானை 72இல் 1 பங்கில் சுமார் 37 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதாக இருந்தால் பக்கத்தில் நிற்கும் வீரன் குழந்தைபோல் தெரிவான்.

வெட்டி ஒட்டுவதில் திருப்தி இல்லாதவருக்குத்தான் பீன்யா. தும்கூர் சாலையை ஒட்டி 1970களின் இறுதியில் எழுந்த இந்தத் தொழிற்பேட்டை ஆசியாவின் பெரிய சிறுதொழில் தொகுப்புகளில் ஒன்று. லேத், சிஎன்சி, டை, மோல்டு, பவுடர் கோட்டிங் என்று சந்துக்குச் சந்து ஜாப் ஒர்க் பலகைகள். எச்எம்டியும் பெல்லும் ஜலஹள்ளியில் வளர்த்துவிட்ட நுட்பக் கைகளின் வாரிசு இந்த வட்டாரம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துத் தமிழ் இங்கே டீக்கடைக்கு டீக்கடை கேட்கும்.

ஆனால் நேரே டூல் ரூமுக்குப் போய்ச் சோழ வீரனுக்கு எஃகு மோல்டு கேட்டால் அவர்கள் சொல்லும் விலையில் மயக்கம் வரும். ஊசிவார்ப்பு மோல்டு லட்சக்கணக்கில் துண்டுகள் எடுப்பதற்கானது. ஐம்பது யானைக்கு அது கட்டுபடியாகாது. சிறிய எண்ணிக்கைக்கு இரண்டு வழிகள். ஒன்று, கையால் செய்த மூல உருவத்தின்மேல் ரப்பர் அச்சு எடுத்து, அதைச் சுழலவிட்டு உருகிய ஈயக் கலவையை ஊற்றுவது. பல்லாண்டுகளாக உலகின் பெரும்பாலான உலோகச் சிப்பாய்கள் இப்படித்தான் பிறக்கிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதிகச் சூடு தேவையில்லை. காரீயம் கலந்தால் விலை குறையும், நச்சு கூடும். வீட்டில் குழந்தை இருந்தால் காரீயம் இல்லாத கலவைதான், பேச்சே வேண்டாம். இரண்டாவது, கணினியில் உருவம் வரைந்து ரெசின் 3டி பிரின்டரில் எடுப்பது. மாதிரி உதிரிபாகங்களுக்காகப் பெங்களூரின் தொழிற்பேட்டைகளில் இந்த எந்திரங்கள் இன்று சாதாரணம். 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாக வளரும் பிசினில் கொண்டையின் முடிச்சுகூடத் தெளிவாக விழும்.

வேல்தான் கழுத்தறுக்கும். 3 சென்டிமீட்டர் தடிமன் உள்ள வேல்கம்பு 100இல் 1 பங்கில் 0.3 மில்லிமீட்டர். அந்த மெல்லிசில் ரெசின் தொட்டால் முறியும், ஈயம் தொட்டால் வளையும். அதனால்தான் கடைப் பொம்மைகள் எல்லாம் உலக்கை பிடித்த மாதிரி நிற்கின்றன. கைமுட்டியில் ஓட்டை மட்டும் விட்டு வார்த்து, பிறகு அரை மில்லிமீட்டர் பியானோ கம்பியைச் செருகுவது அனுபவஸ்தர்களின் வழி. நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினால் இலைவேல் தயார். விரலையும் கவனிக்க வேண்டும், நிஜமாகவே குத்தும்.

நாய்க்கும் ஓர் அட்டை

பெரும்போர் எல்லோருக்கும் ஒத்துவராது. நாற்பது ஐம்பது பொம்மைகளோடு ஆடும் சிறுமோதல் விதிகள் இப்போது பிரபலம். 2011இல் வந்த ‘சாகா’, 2014இல் டேனியல் மெர்சி எழுதிய ‘லயன் ராம்பன்ட்’ இரண்டும் இடைக்கால ஐரோப்பாவுக்காக எழுதப்பட்டவை. ஆனால் நம் தொறுப்பூசலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை தைக்க முடியாது. ஆநிரையைக் கவர வருகிறது ஒரு கூட்டம், மீட்க ஓடுகிறது ஊர். செங்கம் வட்டார நடுகற்கள் அத்தனையும் தயார் நிலையில் உள்ள ஆட்டக் களங்கள்: யார் தாக்கினார்கள், யார் காத்தார்கள், யார் விழுந்தார்கள் என்று பெயரோடு இருக்கும். மேசை நடுவில் பத்து மாட்டுப் பொம்மைகள். எந்தப் பக்கம் அதிகம் ஓட்டிச் செல்கிறதோ அதற்கு வெற்றி. கொல்வது நோக்கமே இல்லை.

எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்றொரு நாய் நிற்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எசமானன் விழுந்த பிறகும் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்ததாம். ஆதகூர்க் கல்லிலும் நாய்தான் நாயகன். தக்கோல வெற்றிக்குப் பூதுகன் பெற்ற பரிசு பனவாசி பன்னீராயிரம் உள்ளிட்ட நாடுகள். அவனிடம் சேவகம் செய்த மணலேரன் கேட்டுப் பெற்ற பரிசோ காளி என்ற வேட்டைநாய். அது காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுத் தானும் செத்தது. கல்லை நட்டதே அதற்காகத்தான். சோழ இளவரசனின் மரணம் அந்தக் கல்லில் போகிற போக்கில் வரும் செய்தி. ஐரோப்பிய விதிகளில் இல்லாவிட்டால் என்ன, தென்னிந்தியச் சிறுமோதலில் நாய்க்குத் தனி அட்டை கொடுத்தே ஆக வேண்டும்: வேகம் அதிகம், பலம் குறைவு, எசமானன் விழுந்தால் அடுத்த இரண்டு சுற்றுக்குப் பலம் இரட்டிப்பு.

அதே அருங்காட்சியகத்தில் பேகூரிலிருந்து வந்த வீரக்கல்லும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி. தும்பேபாடிப் போரில் விழுந்த நாகத்தரனுக்காக எடுத்தது. யானை, குதிரை, காலாள் எல்லாம் ஒரே பலகையில் நெருக்கியடித்து மோதும் காட்சி. பொம்மை செய்கிறவர் பென்சிலும் தாளுமாக அதன் முன் ஒரு பகல் நின்றால், ஆயுதத்துக்கும் சேணத்துக்கும் யானைமேல் ஆள் உட்காரும் விதத்துக்கும் வேறு புத்தகம் தேட வேண்டியதில்லை. ‘பெங்களூரு’ என்ற பெயர் முதலில் தென்படுவதும் பேகூரின் இன்னொரு கல்வெட்டில்தான், அதுவும் பெங்களூருப் போர் என்ற தொடரில். இந்த நகரம் வரலாற்றுக்குள் நுழைந்ததே ஒரு சண்டையின் பெயராக. அந்தப் போரையும் யாராவது மேசைக்குக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். பேகூரும் பீன்யாவும் ஒரே மாநகருக்குள் வளர்ந்துவிட்ட பிறகு உள்ளூர்ப் போட்டிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

தொடங்க நினைப்பவர் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். 40 மில்லிமீட்டர் அகல அட்டைத் துண்டுகள் பக்கத்துக்குப் பன்னிரண்டு வெட்டி, மேலே யானை, வில், வேல், குதிரை என்று எழுதிக்கொள்ளுங்கள். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் நூலில் தக்கோலம் வரும் பக்கங்களை ஒருமுறை படியுங்கள். நண்பர் ஒருவரை ராஷ்டிரகூடர் ஆக்குங்கள். விதியில் எங்கே இடிக்கிறது என்று நாலைந்து ஆட்டத்தில் தெரிந்துவிடும். திருத்தி எழுதியபின் பொம்மைக்குச் செலவழித்தால் போதும். இந்த அளவுப் படைக்கு மேசை இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் தாராளம். ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.